ரேச்சல் கார்சன் அம்மையார்

திருவண்ணாமலையினின்று செஞ்சி நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது நம் கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாக்கொட்டையும் கரும்பும் விளையும் அந்நிலத்திற்கு ஏரியும் கிணறுமே உயிராவன. பயிரிற் புழு கண்டால் உழவர் மருந்து அடிப்பர். நஞ்சினை மருந்தென வழங்கும் இவ்வழக்கினைச் சிறுபருவமுதல் நாம் கேட்டு வந்தோமாயினும், அம்மருந்து பயிரைவிட்டு எங்கே செல்கின்றது என ஒருநாளும் எண்ணினோமல்லோம். சென்ற கோடை விடுமுறையில், மருந்தடித்த தெளிப்பானைக் கிணற்றங்கரையிற் கழுவிவிட்டு அக்கிணற்று நீரையே பருகியபொழுதுதான் அவ்வினா நம் உள்ளத்திற் பிறந்தது. அவ்வினாவை உலகறிய எழுப்பிய ஒரு பெண்மணியின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

அமெரிக்க நாட்டில், பென்சில்வேனியா மாகாணத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், 1907-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ரேச்சல் கார்சன் பிறந்தார். அன்னையார் மரியா, புள்ளும் பூச்சியும் செடியும் காட்டி அவரை வளர்த்தார். பதினோராம் அகவையிலேயே அவரெழுதிய கதையொன்று சிறுவர் பத்திரிகையில் வெளிவந்தது. கலாசாலையில் முதற்கண் ஆங்கில இலக்கியம் பயின்ற அவர், ஆசிரியை ஒருவரால் ஈர்க்கப்பெற்று உயிர்நூற்றுறைக்கு மாறினார். 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சருவகலாசாலையில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935-இல் தந்தையார் காலஞ்செல்லவே, குடும்பப் பாரத்தைத் தாமே ஏற்று, அரசாங்க மீன்வள இலாகாவில் அலுவல் புரிந்தார். கடலைப் பற்றி அவர் 1951-இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் ஈட்டித் தந்தமையின், அடுத்த ஆண்டே அலுவலைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். இலக்கியம் பயின்ற கையும் விஞ்ஞானம் பயின்ற கண்ணும் அவரிடத்து ஒன்றுபட்டிருந்தன.

அக்காலத்தில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியை உலகம் போற்றியது. அதன் ஆற்றலை 1939-இற் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபெல் பரிசு பெற்றார். போர்க்காலத்தில் அது கொள்ளைநோயினின்று பலரைக் காத்தது உண்மையே. ஆயின், பின்னர் ஆகாயவிமானங்களினின்று காடும் வயலும் ஊரும் என்ற வேறுபாடின்றி அது தெளிக்கப்பட்டது. 1958-இல், அத்தெளிப்பினாற் பறவைகள் மடிந்தமை குறித்து நண்பர் ஒருவர் வரைந்த கடிதம் அம்மையாரை இத்துறைக்கண் இழுத்தது. நான்காண்டு உழைத்து, 1962-இல் மௌன வசந்தம் எனப் பொருள்படும் பெயரால் அரியதொரு நூலை வெளியிட்டார்.

அந்நூலில் நிலத்தடி நீரைப் பற்றிய செய்தி நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கது. டென்வர் நகருக்கு அணித்தாகவுள்ள இராணுவ இரசாயனத் தொழிற்சாலை 1943-இல் வேலை தொடங்கியது. பின்னர் அங்கே பூச்சிக்கொல்லிகளும் செய்யப்பட்டன. கழிவுநீர் குட்டைகளில் தேக்கப்பட்டது. சில ஆண்டுகளில், பல மைல் தொலைவிலுள்ள உழவர்தம் பயிர்கள் மஞ்சளித்துக் கருகின, கால்நடைகள் நோயுற்றன. காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிணற்று நீரைச் சோதித்தபொழுதுதான், குட்டை நஞ்சு மண்ணினூடே இறங்கி, ஏறத்தாழ மூன்று மைல் தூரத்தை ஏழெட்டு ஆண்டுகளிற் கடந்து வந்தமை புலனாயிற்று. அத்தொழிற்சாலை ஒருபொழுதும் செய்யாத களைக்கொல்லி ஒன்றும் அந்நீரிற் காணப்பட்டது! குட்டையிற் கலந்த கழிவுகள், காற்றும் நீரும் வெயிலும் துணையாகத் தாமே கூடி அதனை ஆக்கின என்று அறிஞர் கருதினர். ஓரிடத்து நீரைக் கெடுத்தவர் எவ்விடத்து நீரையும் கெடுத்தவராவர் என்பது இதனாற் பெறப்படும்.

நூல் வெளிவந்ததும் இரசாயன வணிகர் சீறி எழுந்தனர். பெண்ணென்றும், வீண் அச்சம் விளைப்பவரென்றும் அம்மையாரை இகழ்ந்தனர். எல்லா மருந்தையும் ஒழிக்குமாறு அவர் கூறினாரல்லர். விளைவறியாது வழங்குதலையே கடிந்தார். 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழுவினர் அவர்தம் கருத்திற்கு ஆதரவளித்தனர். இவ்வளவிற்கும், நூலெழுதும் காலத்திலேயே மார்பிற் புற்றுநோய் அவரை வருத்திக்கொண்டிருந்தது. அதனை உலகறியாது மறைத்தே உழைத்து, 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், ஐம்பத்தாறாம் அகவையில் அம்மையார் உயிர்நீத்தார். அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யின் வழக்கை விலக்கியதை அவர் கண்டாரல்லர்.

நம் நாட்டிலும் 1958-இல், பாரத்தியான் என்னும் நஞ்சு கலந்த உணவுப்பொருளினாற் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968-இற் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. ஆயினும் சட்டம் நம் கிணற்றிற்குள் எட்டிப் பார்க்கவல்லதன்று. கீழ்பென்னாத்தூரின் அடியிற் கிடப்பது பாறை. அதன் பிளவுகளினூடேதான் நீர் ஓடுகின்றது. மேட்டுவயலில் அடித்தது பள்ளத்துக் கிணற்றிற்குச் சென்றதா என்பதைக் கண்ணாலும் நாவாலும் அறிதல் இயலாது. எந்நிலத்தில் எம்மருந்து எத்தனை ஆண்டு வழங்கிற்று என முதியோரை உசாவியும், வயலின் பல இடங்களில் மேல்மண்ணும் அடிமண்ணும் எடுத்தும், மேட்டுக் கிணற்று நீரையும் பள்ளத்துக் கிணற்று நீரையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதனைச்சாலையில் ஆராய்வித்துமே அறியவேண்டும்.

கற்றோர்க்கு இது சிறு தொண்டன்று. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது, நம் கிணற்றங்கரையினின்றே இதனைத் தொடங்க உறுதி பூண்டுள்ளோம். முதலில், தெளிப்பானைக் கிணற்றங்கரையிற் கழுவும் வழக்கத்தினை ஒழிப்போமாக.