அம்மாவிடம்கூடச் சொல்லாத பயணம்

நேதாஜின்னாலே நமக்கு ஞாபகம் வருவது மேடையும் ராணுவ உடுப்பும்தான். ஆனா அவர் செய்ததிலேயே ரொம்பத் துணிச்சலான காரியம் சத்தமே இல்லாமல் நடந்தது.

சுபாஷ் சந்திர போஸ் 1897-இல் கட்டாக்கில் பிறந்தவர். ஐ.சி.எஸ். பரீட்சையில் நான்காவதாக வந்தும் அந்த உத்தியோகம் வேண்டாம் என்று உதறியவர். 1940-இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, டிசம்பரில் விடுதலையாகி கல்கத்தா எல்ஜின் ரோடு வீட்டுக்கு வந்தார். வீட்டைச் சுற்றி ரகசியப் போலீஸ்.

நாட்டை விட்டே வெளியேறிப் போராடணும். இந்த முடிவை யாரிடம் சொன்னார்? அண்ணன் மகன் சிசிரிடம். 20 வயது மருத்துவ மாணவர். கார் ஓட்ட ஆள் வேணுமே! அப்புறம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், அவ்வளவுதான். அதே வீட்டில் இருந்த தாயார் பிரபாவதிக்குத் தெரியாது.

சொல்லாமல் இருந்தாரே தவிர, சும்மா இருக்கவில்லை. தாடி வளர்த்தார். சிசிர் பர்த்வான் வரைக்கும் காரை ஓட்டி ஒத்திகை பார்த்தார். தனிமையில் விரதம் இருக்கப் போவதாக வீட்டில் சொல்லி, அறையில் திரை கட்டினார். தான் போன பிறகு அனுப்ப வேண்டிய கடிதங்களைக்கூட முன்னாடியே எழுதி வைத்தார்.

1941 ஜனவரி 16, நள்ளிரவு தாண்டியதும் முகமது ஜியாவுதீன் என்ற பெயரில் காரில் ஏறினார். கோமோ ஸ்டேஷனில் ரயில். பிறகு பெஷாவர், காபூல், மாஸ்கோ. இங்கே எல்ஜின் ரோட்டில் திரைக்குப் பின்னால் சாப்பாடு போய்க்கிட்டே இருந்தது. அதைச் சாப்பிட்டது, விஷயம் தெரிந்த அண்ணன் பிள்ளைகள்! ஆளைக் காணோம் என்பது வெளியே தெரிய பத்து நாள் ஆனது.

ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். ஹிட்லரின் நாட்டில் உதவி தேடியது சரியா? எனக்கு அதில் உறுத்தல் உண்டு.

1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல் ஏறி, ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அதற்கப்புறம்தான் நாம் அறிந்த மேடைகள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம்ம பெண்கள்கூட ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கல்கத்தாவில் பிரபாவதி அம்மாள் காலமானார். ஜனவரி மாத அந்த இரவுக்குப் பிறகு மகனை அவர் பார்க்கவே இல்லை.