ஹிங்கன்காட்டில் உறங்கும் சர்வே துரை

சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் நம்மவர்கள், நாகபுரி வருவதற்கு முன் ஹிங்கன்காட் என்ற ஸ்டேஷனைக் கடக்கிறார்கள். பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் துரையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ரயில் ஒரே நாளில் கடக்கும் இந்தத் தூரம் அவருக்கு இருபது ஆண்டு வேலையாயிற்று.

இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். பட்டாளத்து அதிகாரியாக 1796-ல் இந்தியா வந்தார். திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு, தென்னிந்தியாவைக் குறுக்காக அளக்கும் திட்டத்தைச் சர்க்காரிடம் கொடுத்தார். அதற்காகச் சீமையிலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை, கப்பலோடு பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். பிறகு அவர்களே அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

1802 ஏப்ரல் 10-ந் தேதி வேலை தொடங்கியது. நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளக்க வேண்டும். சுமார் 400 தடவை சங்கிலியை நகர்த்தியாக வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீண்ட அளவைக் கணக்கில் சேர்த்தார்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆயிற்று. இவ்வளவு நிதானம் வீண் வேலையல்ல. அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் முக்கோணம் மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதையும் கணக்கிட வேண்டும். முதல் கோட்டில் நேரும் சிறு பிசகு கடைசிவரை கூடவே வரும்.

1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை அளந்து சோதித்தார். ஏழு மைலுக்கு மேற்பட்ட அந்தக் கோட்டில் கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்குள் அடங்கிற்று!

பெரிய சோதனை 1808-ல் தஞ்சையில் வந்தது. பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியதில், கோணம் காட்டும் வட்டமே வளைந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞரைத் தவிர வேறு யாருக்கும் அனுமதியில்லை. கருவியை அக்கக்காகக் கழற்றினார். பலகையில் சரியான வட்டம் ஒன்றை வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி இவற்றால் வளைந்த வட்டத்தை இம்மி இம்மியாக இழுத்தார். ஆறு வாரத்தில் அது பழைய நிலைக்கு வந்தது.

பின்னர் வடக்கே ஐதராபாத் வரை போனார். அங்கிருந்து நாகபுரிக்குப் புறப்பட்ட பயணத்தில், 1823 ஜனவரி 20-ந் தேதி ஹிங்கன்காட்டில் காலமானார்.

அவருடைய உதவியாளராக இருந்த எவரெஸ்ட் துரை, 1841-ல் அந்த அளவை இமயமலை அடிவாரத்தில் முடித்தார். உலகின் உயரமான சிகரத்துக்கு 1865-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். லாம்டன் பெயரை ஹிங்கன்காட் கல்லறையில்தான் தேட வேண்டும்.