பகா எண்கள் ராமானுஜனை ஏமாற்றிய கதை

திருச்செங்கோட்டுல பஸ் ஏறி, பள்ளிபாளையம் தாண்டி, காவிரிப் பாலத்தைக் கடந்தா ஈரோடு. நம்மில் பாதிப்பேர் துணி எடுக்கவும் ரயில் பிடிக்கவும் போற ஊர். 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாச ராமானுஜன் பிறந்தது அங்கேதான், அம்மா வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம்.

அவர் பேரைச் சொன்னாலே 1729 டாக்ஸி கதைக்குப் போயிடுவோம். இங்கே அது வேண்டாம். 1729 பகா எண்கூடக் கிடையாது. 7 × 13 × 19, பெருக்கிப் பாருங்க.

கணக்கைத் தவிர வேறெதையும் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் அவருடைய உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. (அரியர் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் காட்டலாம், ஆனால் கணக்கில் அவர் ஃபெயில் ஆகவில்லை.) 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கிருந்தபடியே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்று ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக அதில் சொல்லியிருந்தார். 1000-க்குள் 168 பகா எண்கள் உண்டு. அவருடைய தொடர் தருவது சுமார் 168.4. இப்படிப் பொருந்தினா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? ஆனால் அது தப்பு. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் பூஜ்ஜியங்கள் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அவை இருப்பதால், எண் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் வரம்பில்லாமல் வளரும். சின்ன எண்களில் அது கண்ணுக்கே தெரியாது. கும்பகோணத்தில் பழைய புத்தகத்தை வைத்துத் தனியாகப் படித்தவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. 1914-ல் இங்கிலாந்து போன பிறகுதான் அந்தக் குறை புரிந்தது.

அதோடு விட்டுவிடவில்லை மனுஷன். 1919-ல் உடம்பு நொடிந்து ஊர் திரும்பினார். அதே ஆண்டு இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய ஒரு கட்டுரை வந்தது, இரண்டே பக்கம். 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு என்பதை செபிஷெவ் முன்பே நிறுவியிருந்தார். ராமானுஜன் அதைக் கலப்பெண்கள் பக்கமே போகாமல், ஸ்டிர்லிங் தோராயத்தை வைத்து இன்னும் எளிதாக நிறுவினார். கூடவே ஒரு படி மேலே போனார்: 11-லிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பாதிக்கும் அதற்கும் இடையில் குறைந்தது 2 பகா எண்கள், 17-லிருந்து 3, 29-லிருந்து 4, 41-லிருந்து 5. இந்த 2, 11, 17, 29, 41 வரிசைக்கு இன்று ராமானுஜன் பகா எண்கள் என்றே பெயர்.

1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தார். வயது 32. அப்போது உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2¹²⁷ − 1, மொத்தம் 39 இலக்கம். அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே இன்னொன்று கட்டாயம் இருக்கு என்று அந்த இரண்டு பக்கம் சொல்லிவிட்டது. ஆனால் 1951 வரை அதைவிடப் பெரிய ஒரு பகா எண்ணைக்கூட யாராலும் எழுதிக் காட்ட முடியவில்லை.