பிரித்துப் பார்த்துப் படித்தவர்

கோவை ஜி.டி. நாயுடு நம்மைப் போல டிப்ளமோ படித்தவர் அல்ல. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுது! கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக இருந்து பணம் சேர்த்து, அதை வாங்கியே விட்டார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்குப் பாடப்புத்தகம்.

நம் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளிலும் அதே பாடம்தான். ஆல்டர் பண்ணின வண்டி நீலப்புகை விட்டால், ஹெட்டைக் கழட்டி வால்வை ஆட்டிப் பார்க்கணும். கைடு தேய்ந்திருந்தால் புது வால்வு மட்டும் போட்டுப் பயனில்லை. கைடை மாற்றி, சீட்டை வெட்டி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உரசி, பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்க்கணும். இதைக் கைதான் கற்றுக்கொள்ளும்.

நாயுடு 1920-இல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். பள்ளியை விட்டு ஓடிய அவரே 1945-இல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமானார். 1974-இல் மறைந்தார்.

எங்க வீட்டுல முதன்முதலா படிக்க வந்தவன் நான். சர்டிபிகேட் வந்தா போதும்னு அப்பா நினைக்கிறார். வேலை கொடுப்பவரோ நம் கையைத்தான் பார்ப்பார். பயப்படாமல் பிரிப்போம், கழற்றிய வரிசை மறக்காமல் மாட்டுவோம்!