பரோடா கடனும் பாபாசாகேப்பும்

அன்னூர், அவிநாசி, சுல்தான்பேட்டை பக்கத்துக் காலனிகளில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தால், பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கல்விக் கடன்தான். மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். அப்பா மில்லிலோ தூய்மைப் பணியிலோ இருப்பார். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கும். வட்டியோடு சேர்ந்து வந்திருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு, கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். நாம் பார்த்த சில வீடுகளில் அதே சுவரில் கோட்டு சூட்டோடு அம்பேத்கர் படமும் தொங்குகிறது. படிப்புக்குச் செலவான பணத்தைத் திருப்பித் தர வழியில்லாமல் தவித்தவர் அவரும்தான் என்பதை அந்த வீடுகளில் சொன்னபோது யாரும் எளிதில் நம்பவில்லை.

1913ஆம் ஆண்டு. பம்பாயில் பி.ஏ. முடித்த 22 வயது பீமராவுக்கு, பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. சும்மா கொடுக்கவில்லை. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஜூன் 4ஆம் தேதி ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உதவி என்ற பெயரில் இருந்தது, வேலையை விட்டால் கடனாக மாறும் பணம்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. வாங்கினார். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததில் பழைய புத்தகங்கள் வாங்கினார், ஊரிலிருந்த ரமாபாய்க்கும் பணம் அனுப்பினார். 1916இல் லண்டன் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கியபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். உலகப் போர் நடந்த காலம். அவர் சாமான்களை ஏற்றி வந்த கப்பலைக் குண்டு வீசி மூழ்கடித்துவிட்டார்கள். இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயில்தான் பரோடாவுக்குப் பயணச் செலவையே பார்க்க முடிந்தது.

பரோடாவில் நடந்தது பலரும் அறிந்த கதை. மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. ஆனால் பியூன்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று மேசைமேல் எறிந்தார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தங்க இடம் இல்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரைக் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. பூங்கா ஒன்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

நமக்கு இங்கே ரெட்டமலை சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். கோவையில் படித்த காலத்தில், தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு விளையாடக்கூடப் போகாதவர் அவர். பின்னாளில் இருவரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

பத்து ஆண்டு வேலை பதினோரு நாளில் போனது. ஒப்பந்தத்தை முறித்தது சாதி, கடன்காரரானவர் அம்பேத்கர். அவருக்காகச் செலவான இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று சமஸ்தானத்திலிருந்து கடிதங்கள் வந்தன. 1918இல் சைடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவர் சம்பளம் மாதம் 450 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் மூன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் ஆகும். இதற்கிடையில் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனோடும் 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1923இல் பாரிஸ்டராகத் திரும்பியவர், பரேல் குடியிருப்பின் சிறிய வீட்டில்தான் குடும்பம் நடத்தினார். வழக்குகள் குறைவு. வந்தவர்களும் ஏழைகள்.

ஆனால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தன் நிலைமையைச் சொல்லிப் பதில் எழுதினார்.

நம் வீடுகளில் நடக்காதது இதுதான். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தவணை தொடங்குகிறது. வேலை கிடைக்காவிட்டால், அந்த நிலையிலேயே வங்கி மேலாளரிடம் எழுத்தில் அவகாசம் கேட்கலாம். தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்திருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அந்த மானியம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டவர்களே அதிகம் என்பது நம் அனுபவம்.

தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன். அப்போதும் வழி அடைபடவில்லை. ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிக்கப் பேசலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் வங்கியையும் உட்கார வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம், அங்கே கட்டணம் கிடையாது. குறைத்துக் கட்டினால் சிபில் பதிவில் அது தெரியும், அடுத்த கடன் வாங்கும்போது இடிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். அடமானம் வைக்காத கடனுக்கு வங்கி நேரே வந்து வீட்டைப் பூட்ட முடியாது, நீதிமன்றம்தான் போக வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சாதியைச் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைச் சட்டத்தில் வரும் விஷயம். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம்.

அம்பேத்கருக்கு இத்தனை வாசல்கள் இல்லை. மன்னரின் மனம் ஒன்றுதான் இருந்தது. கடைசியில் பரோடா சமஸ்தானம் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றி அவர் எழுதிய நூல் 1925இல் வெளிவந்தபோது, படிப்புக்கு உதவிய நன்றிக்காக அதைச் சயாஜிராவுக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி அரசை நெருக்கினார். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். சில மாணவர்கள் கப்பலேறி வெளிநாடும் போனார்கள். இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அப்போது, 1944இல், தொடங்கியதுதான். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.