நாவலோடு நடந்த நாட்குறிப்பு

விலை சரிந்துபோன நாட்களில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளைக் கிணத்துக்கடவுப் பகுதியில் நாம் கண்டிருக்கிறோம். விலையில்லாமல் குவிந்த ஆரஞ்சுப் பழங்களைப் பசித்தவர்கள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று, அவற்றின்மீது மண்ணெண்ணெய் தெளிக்கும் காட்சியைத் தம் நாவலில் எழுதி வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்.

1902ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சலினாஸ் என்னும் ஊரில் பிறந்தவர் இவர். 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் கடனாலும் நிலமிழந்த ஓக்லஹோமா விவசாயிகள், குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்குக் கூலி வேலை தேடி வந்தனர். 1936இல் ஒரு செய்தித்தாளுக்காக இவர்களின் முகாம்களுக்குச் சென்ற ஸ்டைன்பெக், அங்கே கண்ட பட்டினியை மறக்க முடியாமல் திரும்பினார். அரசு முகாமின் பொறுப்பாளர் டாம் காலின்ஸ் எழுதிவந்த அறிக்கைகளும் இவருக்குப் பெரிதும் உதவின.

இம்மக்களின் போராட்டத்தை வைத்து முதலில் ஒரு நையாண்டிக் கதை எழுதினார். அது நேர்மையான படைப்பல்ல என்று தோன்றவே, 1938 மே மாதத்தில் தாமே அதை அழித்துவிட்டார். அந்த மாத இறுதியில் புதிதாகத் தொடங்கியதே 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. கூடவே ஒரு நாட்குறிப்பையும் தொடங்கினார்.

அந்த நாட்குறிப்பைப் படிப்பவர்கள் பெரிய இலக்கிய விளக்கங்களை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். பக்கத்து வீட்டுச் சத்தம், ஓயாத விருந்தினர், மனைவி கரோலின் தொண்டை அறுவைச் சிகிச்சை, திவாலாகிக்கொண்டிருந்த பதிப்பகம், புதிய வீடு வாங்கும் அலைச்சல் என்று நம் வீடுகளிலும் நடக்கிற சங்கதிகள்தாம் அதில் நிறைந்திருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 2,000 சொற்கள் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட கணக்கு. தாம் சோம்பேறி, திறமையற்றவர், இந்த நாவலைக் கெடுத்துவிடப் போகிறவர் என்று மீண்டும் மீண்டும் தம்மையே குற்றஞ்சாட்டிக் கொள்கிறார். குற்றஞ்சாட்டி முடித்ததும் அன்றைய அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்! நாம் வியப்பது இதைத்தான். புலம்ப ஓர் ஏடு தனியாக இருந்ததால், நாவலுக்குள் அவருடைய புலம்பல் நுழையவில்லை. அங்கே ஏழைகளின் குரலுக்கு இடமிருந்தது.

ஏறத்தாழ 100 வேலை நாட்களில், அக்டோபர் 26 அன்று, நாவல் முடிந்தது. உடல் தளர்ந்து அவர் படுத்துவிட்டார். கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவர் கரோல். திருவெளிப்பாட்டு நூலின் உருவகத்தைத் தாங்கிய பழைய அமெரிக்கப் பாடல் ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்துத் தந்தவரும் அவரே. (அவ்வளவு துணை நின்றவரோடு நடந்த இல்லறம் 1941இல் முறிந்தது என்பது வருத்தத்துக்குரியது.) 1939 ஏப்ரலில் வெளிவந்த நாவலுக்கு மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962இல் நோபல் பரிசும் ஸ்டைன்பெக்கைத் தேடி வந்தது.

1951இல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதியபோதும் இப்பழக்கத்தை அவர் விடவில்லை. பெரிய நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் தம் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்கு அன்றன்றைய கடிதம், வலப்பக்கத்தில் நாவல். ஸ்டைன்பெக் 1968இல் இறந்தார். கடிதங்கள் மறு ஆண்டு நூலாயின. தயக்கங்கள் நிறைந்த அந்த 1938ஆம் ஆண்டு நாட்குறிப்போ 1989இல்தான் அச்சேறியது.