நாட்டை இழந்தும் வேலையை விடாத ராணி

கணவர் போர்க்களத்தில் மாண்டார். நாடு பறிபோனது. கையில் படையும் இல்லை.

அப்படிப்பட்ட நிலையில் ஒரு ராணி 8 ஆண்டுகள் வெளியூரில் இருந்துகொண்டே அரசாங்க காரியங்களைக் கவனித்தார். இழந்த நாட்டை மீட்டார்.

அவர்தான் சிவகங்கைச் சீமையின் ராணி வேலு நாச்சியார். அவருக்கு இடம் கொடுத்தது திண்டுக்கல் சீமை.

காளையார்கோவில் சண்டை

வேலு நாச்சியார் 1730-ல் பிறந்தார். ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் ஒரே மகள். குதிரை ஏற்றம், வாள் வீச்சு எல்லாம் கற்றார். சிவகங்கை முத்து வடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார்.

1772 ஜூன் 25-ந் தேதி ஆற்காடு நவாபின் படையும், ஆங்கிலக் கம்பெனியின் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. மன்னர் கொல்லப்பட்டார். சிவகங்கை நவாபின் கைக்குப் போயிற்று. ஊரின் பெயரையே "உசேன் நகர்" என்று மாற்றினார்கள்.

நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பினார். மந்திரி தாண்டவராய பிள்ளையும், மருது சகோதரர்களும் துணைக்கு வந்தார்கள்.

விருப்பாச்சி

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் வழியில் இருக்கிறது விருப்பாச்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்.

அது சிவகங்கையில் இருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். அந்தச் சீமை மைசூர் ஐதர் அலியின் வசம் இருந்தது. நவாபின் அதிகாரம் அங்கே செல்லாது.

நாச்சியார் அழுதுகொண்டு உட்காரவில்லை. வேலை உடனே தொடங்கியது.

அதே 1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். குதிரை வீரர்கள் 5 ஆயிரம் பேரும், காலாட்கள் 5 ஆயிரம் பேரும் வேண்டும் என்று கேட்டார்.

படை உடனே வரவில்லை. முதியவரான மந்திரி காலமானார். நாச்சியார் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

கோட்டையில் ராணி

ஐதர் அலி 1755-ல் திண்டுக்கல்லில் பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இருந்தவர். அந்த மலைக்கோட்டையிலேயே நாச்சியார் அவரைச் சந்தித்து, உருது மொழியில் பேசி உதவி கேட்டார் என்று சொல்வார்கள்.

விருப்பாச்சி, திண்டுக்கல் கோட்டை, அய்யம்பாளையம் என்று நாச்சியார் மாறி மாறித் தங்கினார். இடம் மாறியதே தவிர, வேலை நிற்கவில்லை. மருது சகோதரர்கள் ஆள் திரட்டினார்கள். பெண்களுக்கு என்று ஒரு தனிப்படையே இருந்தது என்பது மக்கள் சொல்லும் வரலாறு.

1780

நல்ல சமயம் 1780-ல் வந்தது. ஜூலை மாதம் ஐதர் அலி பெரும் படையுடன் ஆற்காடு நாட்டுக்குள் புகுந்தார். நவாபும் கம்பெனியும் வடக்கே அவரைச் சமாளிக்க ஓடவேண்டியதாயிற்று.

தயாராக இருந்த ராணிக்கு அது போதும். ஐதர் கொடுத்த படையுடன் புறப்பட்டார். மருது சகோதரர்கள் முன்னே சென்றார்கள். சிவகங்கை மீண்டது. அப்போது நாச்சியாருக்கு வயது 50.

தம்முடன் கஷ்டப்பட்டவர்களை ராணி மறக்கவில்லை. பெரிய மருது தளபதி ஆனார். சின்ன மருது மந்திரி ஆனார்.

வேலு நாச்சியார் 1796-ல் காலமானார். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரை 1801-ல் ஆங்கிலேயர் தூக்கில் போட்டார்கள்.

ராணியின் நினைவாக 2008-ல் மத்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

ஐதரின் படையெடுப்பு ராணி கையில் இல்லாத காரியம். ஆனால் அந்த நாள் வரும்போது ஆளும் ஆயுதமும் தயாராக இருந்தன. அதற்குத்தான் அந்த 8 ஆண்டு உழைப்பு.